நூறு வருஷம் அணையாத ஜெபம்



சங்கிலி ஜெபம் என்றால் நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். ஒரு பெரிய தாளில் இருபத்துநாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விசுவாசியின் பெயரை எழுதி, சபைச் சுவரில் ஒட்டுவோம். முதல் வாரம் எல்லாரும் ஜெபிப்பார்கள். இரண்டாம் வாரம் ராத்திரி 2 மணி கட்டத்தில் இருக்கிற தம்பி தூங்கிவிடுவான். மூன்றாம் வாரம் யார் ஜெபித்தார்கள், யார் ஜெபிக்கவில்லை என்று கேட்கவே ஆள் இருக்காது. தாள் மட்டும் அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் சுவரில் இருக்கும். நானும் அப்படிப் பெயர் கொடுத்துவிட்டுத் தூங்கினவன்தான். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு கிராமத்தில் 1727-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆரம்பித்த சங்கிலி ஜெபம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்தது என்று மொராவிய சபையார் எழுதி வைத்திருக்கிறார்கள். தகப்பன் விட்ட இடத்தில் மகன், மகன் விட்ட இடத்தில் பேரன் என்று தொடர்ந்திருக்கிறது. அந்த ஜெபத்தின் நடுவில் நின்ற மனுஷன்தான் சின்சென்டார்ப் பிரபு. அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இதில் நம்முடைய தரங்கம்பாடியும் வருகிறது, கவனமாகப் படியுங்கள்.

நிக்கோலாஸ் லூத்விக் வான் சின்சென்டார்ப் 1700-ம் வருஷம் மே 26-ம் தேதி ஜெர்மனி தேசத்தில் டிரெஸ்டன் பட்டணத்தில் பிறந்தார். குடும்பம் பெரிய பிரபு குடும்பம். பிள்ளைக்கு ஆறு வாரம் ஆகும்போது தகப்பன் காசநோயால் இறந்துபோனார். நாலு வயதில் தாயார் மறுவிவாகம் செய்துகொண்டு பெர்லினுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தது. அந்தப் பாட்டி ஹென்றியேட்டா அம்மையார் சாதாரணப் பெண்மணி இல்லை. கிரேக்கும் எபிரெயும் கற்று, வேதத்தை மூலமொழியிலேயே வாசிக்கிறவர்கள். அந்த வீட்டில் காலையும் மாலையும் ஜெபம் உண்டு. தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளை இயேசுவைத் தன் அண்ணனைப் போல நினைத்து, அவருக்குக் கடிதம் எழுதி ஜன்னல் வழியாக வெளியே போடுமாம். கடிதம் எப்படியும் அவர் கையில் போய்ச் சேரும் என்று அவ்வளவு நம்பிக்கை!

பத்து வயதில் ஹாலே பட்டணத்தில் பிராங்கே ஐயர் நடத்தின பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கேதான் நம்ம ஊர் செய்தி அவர் காதில் விழுந்தது. சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் 1706 ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினது உங்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதின கடிதங்கள் ஹாலேயில்தான் வாசிக்கப்பட்டன. பிராங்கே ஐயருடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தமிழ் ஜனங்களைப் பற்றியும் கடலோரச் சபையைப் பற்றியும் அந்தச் சிறுவன் கேட்டான். 1715-ல் சீகன்பால்க் ஐயர் ஐரோப்பாவுக்கு வந்தபோது அவரைக் கண்ணாலும் கண்டான். உலகத்தின் கடைசி மட்டும் சுவிசேஷம் போகவேண்டும் என்கிற பாரம் அந்த மேஜையில்தான் பிடித்துக்கொண்டது என்று பிற்பாடு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பாருங்கள், தரங்கம்பாடியிலிருந்து போன ஒரு காகிதம் எங்கே போய் விதைத்திருக்கிறது!

பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள், ஆசிரியர்களில் சிலரும் கடுமையாக நடத்தினார்கள். ஆனால் ஒரு சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஜெபக்குழு ஆரம்பித்தார். 16 வயதில் பள்ளியை விட்டுப் போகும்போது, மாணவர்கள் நடுவில் இருந்த ஏழு ஜெபக்குழுக்களின் பட்டியலைப் பிராங்கே ஐயர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடுகு விதையின் பெயரால் நண்பர்களோடு ஒரு உடன்படிக்கைச் சங்கமும் ஏற்படுத்தினார். இன்றைக்கு நம்முடைய வாலிபர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது என்ன பட்டியல் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கமாட்டேன். அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஊழியம் செய்ய ஆசை. குடும்பத்தாரோ, பிரபு வீட்டுப் பிள்ளை போதகராவதா என்று மறுத்து, விட்டன்பர்க்கில் சட்டம் படிக்க அனுப்பினார்கள். படித்து முடித்து 1719-ல் தேசங்களைச் சுற்றிப் பார்க்கப் போனார். டுசெல்டார்ப் ஓவியசாலையில் முள்முடி சூட்டப்பட்ட இயேசுவின் படம் ஒன்று இருந்தது. அதன்கீழே, இதெல்லாம் உனக்காகச் செய்தேன், நீ எனக்கு என்ன செய்கிறாய் என்கிற கருத்தில் ஒரு வாசகம் எழுதியிருந்தது. 19 வயது வாலிபன் அதன் முன்னால் நின்றான், வெட்கப்பட்டான், தன்னைக் கொடுத்தான். இருந்தாலும் குடும்பத்தின் விருப்பப்படி 1721-ல் டிரெஸ்டனில் அரசாங்க உத்தியோகம் ஏற்றார். 1722-ல் எர்ட்மூத் டோரத்தேயா என்கிற பக்தியுள்ள பெண்ணை விவாகம் செய்தார். பாட்டியிடமிருந்து பெர்டெல்ஸ்டார்ப் என்னும் கிராமத்தையும் நிலங்களையும் விலைக்கு வாங்கினார்.

அதே 1722-ல்தான், இவர் நினையாத விதமாய், வாசலில் அகதிகள் வந்து நின்றார்கள்.

இவர்கள் யார்? இன்றைய செக் தேசத்தில் இருக்கிற மொராவியா நாட்டு ஜனங்கள். 1415-ல் சத்தியத்துக்காக எரிக்கப்பட்ட ஜான் ஹஸ் உடைய வழியில் வந்தவர்கள். 1457-லேயே சகோதரர் சபை என்று தனியாகச் சேர்ந்தவர்கள். பிற்பாடு வந்த கொடுமையான உபத்திரவத்தில் நூறு வருஷமாக ஒளிந்து ஒளிந்து வீட்டுக்குள் ஜெபித்தவர்கள். கிறிஸ்டியன் டேவிட் என்கிற தச்சர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லையைக் கடந்து போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1722 ஜூன் 17-ம் தேதி கிறிஸ்டியன் டேவிட் முதல் மரத்தை வெட்டினார். அந்த இடத்துக்கு ஹெர்ன்ஹூட் என்று பேர் வைத்தார்கள். கர்த்தருடைய காவல் என்று அர்த்தம்.

நல்ல பேர். ஆனால் அடுத்த ஐந்து வருஷம் அங்கே நடந்ததைக் கேட்டால் அந்தப் பேருக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்பீர்கள்.

மொராவியர் மட்டும் வரவில்லை. அடைக்கலம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு லூத்தரன்மார், சீர்திருத்த சபையார், எந்தச் சபையிலும் ஒட்டாமல் தனித்துப் போனவர்கள் என்று எல்லா வகையாரும் வந்தார்கள். ஏறக்குறைய முன்னூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஆண்டவருக்காகப் பாடுபட்டவர்கள், எல்லாரும் வேதம் தெரிந்தவர்கள். அதுதான் கஷ்டமே! திருவிருந்து எப்படி எடுப்பது, ஆராதனை எந்த முறையில் நடத்துவது, உள்ளூர் லூத்தரன் சபைக்குக் கீழே இருப்பதா வேண்டாமா என்று எதற்கெடுத்தாலும் சண்டை. 1726-ல் வெளியிலிருந்து வந்த ஒரு மனுஷன், பிரபுதான் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகம், போதகர் ரோத்தே ஐயர்தான் கள்ளத் தீர்க்கதரிசி என்று போதித்தான். அதை நம்பவும் ஆள் இருந்தது! நிலம் கொடுத்து, மரம் கொடுத்து, வீடு கட்ட இடம் கொடுத்தவரை மிருகம் என்றார்கள். உயிரைப் பணயம் வைத்து இவர்களைக் கூட்டிவந்த கிறிஸ்டியன் டேவிட்டே கொஞ்ச காலம் மனம் கசந்து, ஊருக்கு வெளியே தனியாகக் குடிசை போட்டு, தனியாகக் கிணறும் வெட்டிக்கொண்டார். ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்கிற அளவுக்குப் பரிசுத்தம் ஏறிவிட்டது.

சின்சென்டார்ப் என்ன செய்தார்? அவர் நிலத்தின் சொந்தக்காரர், அந்த ஊருக்கு எஜமான், சட்டம் படித்தவர். வெளியே போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் செய்யவில்லை. டிரெஸ்டன் உத்தியோகத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, மனைவியோடு வந்து தங்கினார். வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசினார், அழுதார், ஜெபித்தார். 1727 மே 12-ம் தேதி எல்லாரையும் கூட்டி மூன்று மணி நேரம் பேசினார். பிரிவினை என்பது பாவம் என்று வேதத்திலிருந்து காட்டினார். ஒன்றாய் வாழ்வதற்கு ஒரு உடன்படிக்கை எழுதி, எல்லாரும் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு மூப்பர்கள் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். படித்தவர்களையும் பெரிய இடத்தாரையும் பார்த்து எடுக்கவில்லை. கைத்தொழில் செய்கிற சாதாரண ஜனங்கள்தான் அவர்களில் பலர்.

அன்றைக்கே அக்கினி இறங்கிவிட்டதா? இல்லை. மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம் ஓடியது. சிறுசிறு குழுக்களாகக் கூடி, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கை செய்து, சொஸ்தமாகும்படி ஜெபித்தார்கள். இந்த மூன்று மாதத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. ஆகஸ்டு 13-ஐப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு என்னவோ அந்த மூன்று மாதம்தான் பெரிசாகத் தெரிகிறது. ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி, அண்ணே, நான் உங்களைப் பற்றித் தப்பாகப் பேசினேன் என்று சொல்வது முழு இரவு ஜெபத்தைவிடக் கஷ்டம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்டு 5-ம் தேதி பிரபுவும் பன்னிரண்டு பதினாலு பேரும் இரவு முழுவதும் ஜெபத்தில் தரித்திருந்தார்கள். 10-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ரோத்தே ஐயர் ஹெர்ன்ஹூட்டில் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கும்போதே தேவ வல்லமையால் நிறைந்து தரையில் விழுந்தார். சபையாரும் அவரோடு விழுந்து, நடுராத்திரி வரைக்கும் பாட்டும் கண்ணீரும் ஜெபமுமாக இருந்தார்கள். அவர்தான் கள்ளத் தீர்க்கதரிசி என்று பேர் வாங்கினவர்!

13-ம் தேதி புதன்கிழமை, பெர்டெல்ஸ்டார்ப் ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. ஹெர்ன்ஹூட்டிலிருந்து நடந்துதான் போகவேண்டும், ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த வழியிலேயே, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒப்புரவானார்கள். ஆலயத்தில் சிறுபெண்கள் இருவருக்குத் திடப்படுத்தல் நடந்தது. சபை முழங்காலிட்டது. பிரபு சபையின் பிரிவினைகளுக்காகப் பாவ அறிக்கை செய்து ஜெபித்தார். அப்போது ஆவியானவர் இறங்கினார். எல்லாருடைய உள்ளமும் ஒன்றாய் உருகினது. அழுகிற சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. அந்த நாளைத் தங்கள் சபையின் பெந்தெகொஸ்தே நாள் என்றுதான் அவர்கள் எப்போதும் சொன்னார்கள். தனிக் கிணறு வெட்டின கிறிஸ்டியன் டேவிட் அதற்குள் மனந்திரும்பி ஐக்கியத்துக்கு வந்திருந்தார். அன்றைக்கு அவரும் இன்னொரு சகோதரரும் தூரத்தில் சோராவ் என்கிற ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே வேளையில் ஜெபிக்கவேண்டும் என்று பெரிய ஏவுதல் உண்டானதாம். திரும்பி வந்து விசாரித்தபோதுதான் இங்கே நடந்தது தெரியவந்தது.

ஆராதனை முடிந்தும் யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பசி வேளை ஆகிவிட்டது. பிரபு தம்முடைய வீட்டுச் சமையலறையிலிருந்து சாப்பாடு அனுப்பினார். அவர்கள் ஆறேழு வீடுகளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மொராவிய சபையில் இன்றைக்கும் நடக்கிற அன்பின் விருந்துக்கு அதுதான் ஆரம்பம். நேற்று வரைக்கும் மிருகம் என்று திட்டினவர்களுக்கு அந்த மிருகத்தின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது.

அந்த வாரங்களில் பிள்ளைகள் நடுவிலும் எழுப்புதல் உண்டானது. பதினொரு வயதுள்ள சூசன்னா கூனெல் என்கிற பெண்பிள்ளை பல நாள் பாரத்தோடு ஜெபித்து ஆண்டவரைக் கண்டுகொண்டாள். அது மற்றச் சிறுமிகளையும் பற்றிக்கொண்டது. பிள்ளைகள் மலையடிவாரத்திலும் தோட்டத்திலும் கூடி ஜெபிக்கிற சத்தம் கேட்டுப் பெரியவர்கள் நின்றுவிட்டார்கள்.

இப்போது சங்கிலி ஜெபத்துக்கு வருகிறேன். ஆவியானவர் அசைவாடினார், நல்லது. இதைக் காப்பாற்றுவது எப்படி? பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில், பலிபீடத்தின் அக்கினி அவியாமல் எப்போதும் எரிந்துகொண்டிருக்கவேண்டும் என்று கர்த்தர் ஆசாரியருக்குக் கட்டளை கொடுக்கிறார். அதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நாம்தானே ஆசாரியர்கள், அப்படியானால் ஜெபம் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டாமா என்றார்கள். 24 சகோதரரும் 24 சகோதரிகளும் முன்வந்தார்கள். சீட்டுப்போட்டு நாளின் 24 மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டு 27-ல் ஜெபம் தொடங்கியது. சீக்கிரத்தில் எழுபதுக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். பிள்ளைகளும் தங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார்கள்.

எல்லாரும் ஒரே இடத்தில் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரவர் தங்கள் இடத்தில், தங்கள் மணியில் ஜெபிப்பார்கள். தச்சர் பட்டறையிலும், நெசவுக்காரர் தறியருகிலும், தாய்மார் அடுப்பங்கரையிலும் தங்கள் மணியைக் காத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை கூடுவார்கள். எங்கெங்கே என்ன தேவை, எந்த ஊழியர் எப்படி இருக்கிறார் என்று வந்த கடிதங்களை வாசிப்பார்கள். அந்தச் செய்திதான் அடுத்த வாரத்தின் ஜெப விஷயம். சும்மா ஒரு மணி நேரத்தை ஓட்டுகிற ஜெபம் கிடையாது. யாருக்காக, எதற்காக என்று பேர் சொல்லி ஜெபித்தார்கள். நம்முடைய தாள் மூன்றாம் வாரம் சுவரோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாம் கட்டத்தில் பேர் எழுதுகிறோம், கடிதம் வாசிப்பதில்லை.

அடுத்த வருஷம் 1728 மே மாதம் முதல், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லுகிற பழக்கம் வந்தது. 1731 முதல் அது புத்தகமாக அச்சிடப்பட்டு, இன்றைக்கும் பல மொழிகளில் வருஷாவருஷம் வந்துகொண்டிருக்கிறது.

ஜெபித்தவர்களை ஆண்டவர் சும்மா உட்கார விடவில்லை. 1731-ல் டென்மார்க் அரசருடைய முடிசூட்டு விழாவுக்குப் பிரபு கோப்பன்ஹேகன் போனார். அங்கே ஆன்டன் என்கிற கறுப்பின மனுஷனைச் சந்தித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய செயின்ட் தாமஸிலிருந்து அடிமையாக வந்தவர். தன் அக்காவும் தம்பியும் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆண்டவரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை என்று அழுதார். பிரபு ஊருக்குத் திரும்பி அதைச் சபையில் சொன்னார். அன்று இரவு லியோனார்ட் டோபர் என்கிற குயவருக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய நண்பர் லியோபோல்டுக்கும் அதே நிலை. இருவருக்கும் ஒரே பாரம்!

உடனே அனுப்பிவிட்டார்களா? ஒரு வருஷம் காத்திருந்து ஜெபித்தார்கள். கடைசியில் டோபரும் தச்சர் டேவிட் நிட்ச்மனும் 1732 ஆகஸ்டு 21-ம் தேதி அதிகாலையில் புறப்பட்டார்கள். பிரபு தம்முடைய வண்டியில் பவுட்சன் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, வழியில் முழங்காலிட்டு ஜெபித்து அனுப்பினார். கையில் சொற்பப் பணம், தோளில் ஒரு மூட்டை. டிசம்பரில் தீவு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். இவர்கள் இருவரும் தங்களை அடிமைகளாக விற்றுக்கொண்டு போனார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க உருக்கமாயிருக்கிறது, ஆனால் நடந்தது அப்படி இல்லை. தேவைப்பட்டால் அடிமையாகவும் ஆயத்தம் என்று டோபர் தன்னை ஒப்புக்கொடுத்தது உண்மை. அதற்கு அவசியம் வரவில்லை. நிட்ச்மன் அங்கே தச்சு வேலை செய்து இருவருக்கும் சம்பாதித்தார். ஆண்டவருக்கு மகிமை சேர்க்க இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளதே போதும்.

அடுத்த வருஷமே கிரீன்லாந்து பனிப் பிரதேசத்துக்கு ஆட்கள் போனார்கள். கூடப் போனவர் யார் தெரியுமா? தனிக் கிணறு வெட்டின அதே கிறிஸ்டியன் டேவிட்! பிறகு சூரிநாம், தென்னாப்பிரிக்கா, வட அமெரிக்கா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்து மரித்தார்கள். ஒருவர் மரித்த செய்தி வரும், அந்த இடத்துக்குப் போக இன்னொருவர் எழுந்து நிற்பார். அவருடைய பேர் உடனே ஜெபத்தில் ஏறும். பிரபு மரிக்கிறதற்குள் இப்படி அனுப்பப்பட்டவர்கள் 200-க்கும் மேல். ஒரு சின்னக் கிராமத்திலிருந்து ஆரம்பித்த காரியம் இது.

1736 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. பாய் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்தபோது ஆங்கிலேயர் அலறினார்கள். மொராவியரோ, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மரண பயத்தோடு நின்ற ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி. அவர் 1738-ல் ரட்சிப்பின் நிச்சயம் பெறுவதற்கு மொராவிய ஊழியர் பீட்டர் போலர்தான் வழிகாட்டினார். அந்த வருஷமே வெஸ்லி ஹெர்ன்ஹூட்டுக்குப் போய்ப் பார்த்தார். 1739 புதுவருஷ ராத்திரியில் லண்டன் பெட்டர் லேன் ஜெபக்கூட்டத்தில் விடியற்காலை 3 மணிக்கு ஆவியானவர் வல்லமையாய் இறங்கினபோது அவரும் அங்கே இருந்தார். பிறகு வெஸ்லிக்கும் மொராவியருக்கும் கருத்து வேறுபாடு வந்து பிரிந்தார்கள் என்பது தனிக் கதை.

பிரபுவுக்கோ பாடுகள் குறையவில்லை. 1736-ல் சாக்சனி அரசாங்கம் அவரை நாடுகடத்தியது. அவர் கட்டின ஊரில் அவரே இருக்கக்கூடாது! பதினோரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். 1739-ல் செயின்ட் தாமஸ் தீவுக்கே போனார். போய்ப் பார்த்தால் ஊழியர்கள் சிறைச்சாலையில் கிடக்கிறார்கள். அவர்களில் ரெபெக்கா என்கிற சகோதரியும் உண்டு. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, அடிமைப் பெண்களுக்குச் சுவிசேஷம் சொன்னவள். பிரபு ஆளுநரோடு பேசி அவர்களை விடுவித்தார். நூற்றுக்கணக்கான அடிமைகள் விசுவாசிகளாயிருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார்.

ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது. அந்தத் தீவை விட்டுப் புறப்படும்போது, அடிமைகள் தங்கள் எஜமான்களுக்கு அடங்கியிருக்கவேண்டும், இந்த நிலைமை தேவன் ஏற்படுத்தினது என்கிற விதமாகப் போதித்துவிட்டு வந்தார். மொராவிய ஊழியமே பிற்பாடு தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தது. இவ்வளவு ஜெபித்தவர்களுக்கு அது பாவமென்று தெரியாமல் போனது எனக்குத் துக்கமாயிருக்கிறது.

இன்னொரு தவறும் உண்டு. 1740-களில் ஹெர்ன்ஹாக் என்கிற அவர்களுடைய இன்னொரு குடியிருப்பில் வாலிபர்கள் ஆவிக்குரிய உணர்ச்சியில் அளவு மீறிப் போனார்கள். இயேசுவின் காயங்களைப் பற்றிச் சிறுபிள்ளைத்தனமான பேச்சும் பாட்டும் கொண்டாட்டமுமாகப் போய், வெளியார் நிந்திக்கும்படி ஆனது. அதை முன்நின்று நடத்தினவர் பிரபுவின் மகன் கிறிஸ்டியன் ரெனாட்டஸ். அந்தப் பேச்சுக்கெல்லாம் வித்திட்டது பிரபுவின் பாட்டுகளும் பிரசங்கங்களுமேதான். கண்டிக்க அவர் தாமதித்தார். 1749-ல் மகனைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். மகன் மனங்கசந்து அழுது 1752-ல் 24 வயதிலேயே லண்டனில் மரித்தான். ஆவியின் நிறைவைப் பற்றி அதிகம் பேசுகிற நாம் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக்கூடாது.

பிரபுவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அவர் மரிக்கும்போது மூன்று பெண்கள் மட்டும் உயிரோடிருந்தார்கள். இவ்வளவு ஊழியத்துக்கும் பணத்தைச் சமாளித்து, கடனைச் சமாளித்து, நிலங்களைக் கவனித்தவர்கள் எர்ட்மூத் அம்மையார்தான். புருஷன் கடல் தாண்டிப் போகும்போதெல்லாம் கல்லறைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோன தாய் அவர்கள். அவர்களைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை. 1756-ல் அவர்கள் மரித்தார்கள். பிரபு 1760 மே 9-ம் தேதி ஹெர்ன்ஹூட்டில் 59-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஊருக்கு மேலே இருக்கிற மலையில், எல்லாச் சகோதரருக்கும் நடுவில் அவரை அடக்கம்பண்ணினார்கள். ஜெபச் சங்கிலி அவரோடு நின்றுபோகவில்லை. நெசவுக்காரரும் தச்சரும் தங்கள் மணியைக் காத்துக்கொண்டே இருந்தார்கள். 1792-ல் வில்லியம் கேரி மிஷனெரி ஊழியத்தின் அவசியத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினபோதும், மொராவியர் போன தேசங்களைக் காட்டித்தான் நாமும் போகமுடியும் என்று வாதாடினார்.

அவர் மரித்த அதே 1760-ல் மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னப் பிள்ளையாய் ஹாலே மேஜையில் கேட்ட ஊர் அது. பக்கத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, தச்சு வேலை, நெசவு, தோட்ட வேலை செய்துகொண்டு தங்கினார்கள். அந்த இடத்துக்குச் சகோதரர் தோட்டம் என்று பேர். அங்கே ஏற்கனவே இருந்த ஹாலே மிஷனெரிகள் இவர்களை விரும்பவில்லை, ஊழியத்துக்கு ஊழியம் பொறாமை அன்றைக்கும் இருந்தது. மொராவியருடைய பாரம் நிக்கோபார் தீவுகள். 1768-ல் அங்கே போனார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மரித்தார்கள். மொழி பிடிபடவில்லை. ஒரு சபையும் எழும்பவில்லை. 1787-ல் எஞ்சினவர்கள் திரும்பினார்கள். சகோதரர் தோட்டமும் பிறகு கைவிடப்பட்டது. ஹெர்ன்ஹூட்டில் எத்தனையோ ராத்திரி பேர் சொல்லி ஜெபிக்கப்பட்ட அந்தத் தீவில் மீதியாயிருந்தது கல்லறைகள்தான்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1890-களில் வேதப்பன் சாலமோன் என்கிற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாருக்குப் போனார். தன் வீட்டில் சில பையன்களைச் சேர்த்துப் படிக்கவைத்தார். அவர்களில் ஒருவன் ஞானஸ்நானம் பெற்று ஜான் ரிச்சர்ட்சன் என்று பேர் பெற்றான். தன் ஜனங்களின் மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து, 1950-ல் அந்தத் தீவுகளுக்குப் பேராயரானவர் அவர்தான். இன்றைக்கு நிக்கோபாரி ஜனங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.